37 டிகிரியில் ஒரு உடம்பு!

"ஐயோ... போச்சே!"

முதலாளியின் அலறலில் பெயிண்ட் ஷெட்டே நடுங்கியது.

எலெக்ட்ரீஷியன் ஓடி வந்தான். எல்லாருக்கும் அவன் ஃபியூஸ். கரன்ட்டோடு பதினாறு வருஷப் பழக்கம்.

பெயிண்டைக் காய வைக்கும் ஓவனின் கதவிடுக்கில் கரும்புகை!

பாய்ந்துபோய் ஹீட்டர் சுவிட்சை இறக்கினான். கதவைத் திறந்தார்கள்.

உள்ளே... நாற்பது பிணங்கள்!

காலையில் வெள்ளை பெயிண்ட் பூசி உள்ளே போன ஃபேன் மூடிகள். இப்போது அத்தனையும் கரி.

"நூத்தி எண்பது டிகிரிதானேய்யா வச்சேன்? எல்லாம் உன் வயரிங்! பன்னண்டு மணிக்குள்ள காரணம் சொல்லு. இல்லேன்னா பையைத் தூக்கிட்டு நடையைக் கட்டு!"

மணி பதினொன்றே முக்கால். இந்த வேலையை விட்டால் ஃபியூஸுக்கு வேறு எதுவும் தெரியாது.

மீட்டரைப் பார்த்தான்.

37!

"முதலாளி! ஓவன் கொதிக்குது... மீட்டர் முப்பத்தேழு காட்டுது!"

"அதனால?"

"உள்ள இருக்கிற சென்சார்தான் சூடு எவ்வளவுன்னு மீட்டருக்குச் சொல்லும். அது முப்பத்தேழுன்னு சொன்னா, 'ஐயையோ, இன்னும் சூடே ஏறலையே'ன்னு மீட்டர் முழு கரன்ட்டையும் கொட்டும். யாரோ சென்சாரை வெளிய உருவிட்டாங்க!"

"உருவி... எங்க வச்சிருக்காங்க?"

ஃபியூஸ் குரலைத் தாழ்த்தினான்.

"முப்பத்தேழுல அசையாம நிக்குது முதலாளி. அது... மனுஷ உடம்புச் சூடு!"

முதலாளி அவன் கையை இறுக்கிப் பிடித்தார். "உ... உயிரோடயா?"

"இதுவரைக்கும்."

மீட்டர் துடித்தது. 39... 46... 54...!

"அடப்பாவி! யாரையோ வேக வைக்கிறாங்கய்யா!"

ஃபியூஸ் ஓவனுக்குப் பின்னால் ஓடினான். எப்போதும் சென்சார் வயரைப் பத்தடி கூடுதலாக விட்டுச் சுருட்டி வைப்பது அவன் வழக்கம். சுருளைக் காணோம்! வயர் ஜன்னல் வழியாகப் பக்கத்து அறைக்குள் போயிருந்தது.

அது சூப்பர்வைசர் அறை. சூப்பர்வைசர், முதலாளி மனைவியின் கூடப்பிறந்த தம்பி!

"மாப்ளே! உங்கக்காவுக்கு நான் என்னடா பதில் சொல்வேன்!"

முதலாளி கதவை உதைத்தார்.

உள்ளே...

மாப்பிள்ளை கல்லுக்குண்டாக உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் வீடியோ கால். மறு கையில் சென்சார்... ஆவி பறக்கும் டீ டம்ளருக்குள்! ஓவன் மீட்டர் காட்டும் அதே சூட்டைக் காட்ட அவன் மேஜையிலும் ஒரு மீட்டர் உண்டு; அதை அக்காவுக்குக் காட்டிக்கொண்டிருந்தான்.

"பாருக்கா, அறுபத்தொண்ணு! இந்த ஜுரத்துல உன் பீரோவை எப்படிக்கா மாடிக்குத் தூக்குவேன்?"

"டேய்!"

மாப்பிள்ளை துள்ளினான்.

"அக்குள்ல வச்சா முப்பத்தேழுக்கு மேல ஏற மாட்டேங்குது மாமா! அதான் டீயில..."

"நாப்பது மூடியைக் கொன்னுட்டியேடா! எவன்டா உனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தான்?"

"நீங்கதான் மாமா! போன மாசம் இதே சென்சாரை டீயில முக்கி, அக்காவுக்கு வீடியோல காட்டி, எங்கம்மா வீட்டுக்குப் போகாம தப்பிச்சீங்களே!"

"அட... போன மாசமும் ஒரு லோடு கருகிச்சே! அப்பவும் என்னைத்தானே திட்டினீங்க?" என்றான் ஃபியூஸ்.

போனிலிருந்து மெதுவாக அக்காவின் குரல்...

"என்னங்க... வீட்டுக்கு வாங்க. பேசணும்."

முதலாளியின் சட்டை வியர்வையில் தொப்பலாக நனைந்தது.

"ஃபியூஸ்... உன் வேலை பத்திரம்யா. எப்படியாவது என்னைக் காப்பாத்து!"

ஃபியூஸ் சென்சாரை டீயிலிருந்து எடுத்தான். நிதானமாகத் துடைத்தான். முதலாளியிடம் நீட்டினான்.

"அக்குள்ல வச்சுக்கங்க முதலாளி. இந்தத் தடவை நிஜ ஜுரமே வந்துடும், டீ தேவைப்படாது!"