மூன்றாம் முறை ஏறியவள்

தேநீர் முழுவதும் அவள் சட்டையில்தான் கொட்டியது.

மழைக்குப் பயந்து மலை விடுதியின் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தவள் நேஷா. கையில் கோப்பையோடு அதே மழையை வேடிக்கை பார்க்க கதவருகே நின்றிருந்தவன் அவன்.

"பார்த்து வரக்கூடாதா?"

"நான் நின்னுட்டுதான் இருந்தேன். நீங்கதான் மேகம் மாதிரி வந்து மோதினீங்க."

அவன் கண்கள் சாம்பலும் பச்சையுமாக, மழையில் நனைந்த பாறை நிறத்தில் இருந்தன. அவை கீழே இறங்கி, அவளுடைய புத்தம்புதுக் காலணியில் நின்றன.

"த்ரிக்லாவ் ஏற வந்திருக்கீங்களா... முதல் தடவையா?"

சாதாரணக் கேள்விதான். ஆனால் அவளுக்குச் சுருக்கென்றது. ஸ்லோவேனியாவின் கொடியிலேயே இருக்கிற மலை அது. அதில் ஏறாதவர் நம் ஊர்க்காரரே இல்லை என்று பாதி விளையாட்டாகவும் பாதி நிஜமாகவும் சொல்வார்கள். கிழக்கே, பூசணி வயல்களும் நாரைக் கூடுகளுமான சமவெளியில் பூகோளம் சொல்லிக்கொடுப்பவள் நேஷா. 'டீச்சர், நீங்க ஏறியிருக்கீங்களா?' என்று வகுப்பில் ஒருத்தி கேட்டபோது வாயடைத்துப்போனவள்.

"மூணாவது தடவை," என்றாள்.

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று தெரிந்தது.

"அப்ப நீங்க சீனியர். எனக்கு முதல் தடவை," என்றான் அவன், துளி வெட்கமில்லாமல். "பேரு திலென். டூரிஸ்ட் பஸ் ஓட்டறேன். உலகத்துல இருக்கிற அத்தனை பேரையும் அடிவாரத்துல இறக்கி விட்டிருக்கேன். நான் மட்டும் பஸ்ஸுல உட்கார்ந்து ரேடியோ கேட்டுட்டிருப்பேன்."

இவனால் எப்படி இவ்வளவு லேசாகச் சொல்ல முடிகிறது...

சாப்பாட்டு நேரத்தில் நீளமான பெஞ்சில் அவள் பக்கத்திலேயே இடம் பிடித்தான். அவள் பூகோள டீச்சர் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொண்டான். அவரைக்காய்ச் சூப் ஆறிக்கொண்டிருந்தது. அவன் கேள்விகள் ஆறவில்லை.

"இவ்வளவு மழை பெய்யுது, மேல ஒரு ஓடைகூட இல்லையே டீச்சர். தண்ணியெல்லாம் எங்க போகுது?"

"சுண்ணாம்புக் கல்லுல்ல... குடிச்சிடும். மலைக்குள்ளயே ஓடி, கீழ எங்கேயாவது அருவியா எட்டிப் பார்க்கும். சாவிகா அருவி அப்படித்தான்."

"அங்க எத்தனை தடவை பஸ் நிறுத்தியிருக்கேன். அது எங்கிருந்து வருதுன்னு யோசிச்சதே இல்ல."

ஒவ்வொரு பதிலுக்கும் அந்தக் கண்கள் விரிந்தன. அவளுக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே உறுத்தியது. அத்தனையும் புத்தகத்தில் படித்தது. அவனோ அவள் காலால் நடந்து தெரிந்துகொண்டதாக நம்பிக்கொண்டிருந்தான்.

எதிரே உட்கார்ந்திருந்த ரெஸ்கா, வருஷா வருஷம் ஏறுகிறவள், திலெனைப் பார்த்துச் சிரித்தாள். "நாளைக்கு உச்சியில குனியத் தயாரா இரு தம்பி. முதல் தடவை ஏறினா பின்பக்கம் கயிறடி உண்டு. அப்பதான் கணக்குல சேரும்."

"யாரு அடிப்பாங்க அக்கா?"

"முன்னாடி ஏறினவங்க யாரு வேணா."

அவன் நேஷாவிடம் திரும்பினான். "அப்ப டீச்சரே அடிக்கட்டும். தேநீருக்குப் பழிவாங்கின மாதிரியும் ஆச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நேஷாவின் கரண்டி சூப்பிலேயே நின்றுவிட்டது.

விடிந்தபோது வானம் வெளுத்திருந்தது. பாறையில் அடித்திருந்த இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏறினார்கள். இருபுறமும் பள்ளம். அவள் விரல்கள் நடுங்கின.

"மூணாவது தடவைன்னாலும் பயம் போகாதா?" பின்னாலிருந்து அவன் குரல். கேலி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசை.

"...போகாது."

உச்சியில் மலையேறுகிறவர்கள் ஒதுங்குவதற்கான சின்னத் தகரக் கோபுரம் வெயிலில் பளபளத்தது. தெற்கே, வெகுதூரத்தில், கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. ரெஸ்கா கயிற்றை நேஷாவின் கையில் திணித்தாள். திலென் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்தான்.

"மெதுவா அடிங்க டீச்சர், நாளைக்கு பஸ்ஸுல உட்காரணும்."

கயிறு ஈரமாக, கனமாக இருந்தது. ஓங்கி ஒரு அடி போதும். பொய் அப்படியே மூடிக்கொள்ளும். ஆனால் முதல் ஏற்றம் ஒரே தடவைதான். அதை இந்தப் பொய்க்குக் கொடுத்துவிட்டால், வகுப்பில் அந்தக் குழந்தைகள் முன்னால் எதைச் சொல்லி நிற்பது? இவனை எந்தக் கண்ணோடு பார்ப்பது?

"என்னால அடிக்க முடியாது," என்றாள். "நானும் இப்பதான்... முதல் தடவை."

குனிந்தபடியே திலென் தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"அடிப்பாவி," என்றாள் ரெஸ்கா. கயிற்றைப் பிடுங்கி இருவரையும் சேர்த்துக் குனியவைத்து, பாரபட்சமில்லாமல் அடித்தாள். கூட்டம் கைதட்டியது.

நிமிர்ந்தபோது திலென் சிரிக்கவில்லை.

"நேத்தே சொல்லியிருக்கலாமே..."

"சொல்லியிருந்தா சிரிச்சிருப்பீங்க."

"சிரிச்சிருப்பேன்தான். சிரிச்சிட்டு கூடவே ஏறியிருப்பேன். உங்களுக்குக் கை நடுங்கினப்ப முன்னாடி போய்ப் பிடிச்சிருப்பேன். சீனியர்னு நினைச்சுப் பின்னாலயே நின்னேன். இப்ப மட்டும் ஏன் சொன்னீங்க? அடிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது."

அதைத்தான் அவளும் தன்னையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நேத்து நீங்க யாரோ. யாரோ ஒருத்தர்கிட்ட வீம்புக்குப் பொய் சொல்றது சுலபம்..." குரல் இறங்கியது. "இப்ப நீங்க யாரோ இல்ல. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு, திலென். அவ்வளவுதான்."

அவன் காது சிவந்தது. காற்றில் அலைந்த அவள் முடியை ஒதுக்கக் கை நீட்டி, பாதியில் தயங்கி, பிறகு ஒதுக்கியே விட்டான்.

"காலையிலேருந்து ஒவ்வொரு கம்பியைப் பிடிக்கிறப்பவும் இதை எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சிட்டு வந்தேன்," என்றான். "நீங்க முந்திட்டீங்க."

ரெஸ்கா முதுகைத் திருப்பிக்கொண்டு, ஒன்றுமே இல்லாத வானத்தை மிகுந்த அக்கறையோடு பார்க்கத் தொடங்கினாள்.