ஒன்பது பேருக்கு ஒரு தூக்கம்

காலை ஆறு மணிக்கு ஒன்பது பேருக்குமாகச் சேர்த்து மாப்பிள்ளை படுத்துக்கொண்டது. வலது கையில் ஐந்து காப்பு, இடது கையில் நான்கு. கண்ணை மூடி, நாடியை நிமிடத்துக்கு அறுபதாக இறக்கிக்கொண்டது. பதினைந்து நாளாக நடக்கிற வழக்கம் என்பதால் யாரும் நின்று பார்க்கவில்லை.

செம்பள்ளம், செவ்வாயின் தென்பாதியில் பாறைக்கடியில் குடைந்த ஊர். அறுநூற்றுச் சொச்சம் பேர். பெரும்பாலும் தூத்துக்குடிப் பக்கமிருந்து சுரங்க வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள். தூசிக் காய்ச்சலில் நூற்று நாற்பது பேர் மூன்றாம் குகையில் கிடந்தார்கள். ஊரில் மருத்துவர் கிடையாது. காற்று வடிகட்டிகளை மாற்றச் சொல்லி நிர்வாகத்தோடு நாலு வருஷமாக மல்லுக்கு நின்ற ஒன்பது பேர்தான் இப்போது நோயாளிகளையும் பார்த்துக்கொண்டார்கள். நிர்வாகம் வடிகட்டியையும் மாற்றவில்லை, நோயாளிகளையும் எட்டிப் பார்க்கவில்லை.

முன்பொரு கொள்ளை நோயில் வேறொரு குடியிருப்பின் தொண்டர்கள் ஓய்வே இல்லாமல் உழைத்து, ஒரே வாரத்தில் ஒட்டுமொத்தமாக விழுந்தார்கள். அதன் பிறகுதான் களைப்புக் காப்பு வந்தது. நாடி, தூக்கம், கை நடுக்கம் எல்லாவற்றையும் அளக்கும். ஆறு மணி நேரத் தூக்கம், ஒரு மணி நேரம் நோயைப் பற்றிப் பேசாமல் வீட்டாரோடு சோறு. இது தவறினால் காப்பு சிவக்கும். நோய்க்குகையின் கதவு வருகிறவரின் முகத்தைப் பார்த்து, பெயருக்கு நேரே காப்பின் நிறத்தையும் பார்க்கும். சிவப்பென்றால் திறக்காது; உள்ளே வேலை செய்கிறவரின் காப்பு சிவந்தாலும் அவர் வெளியேற வேண்டும்.

நல்ல சட்டம்தான். ஆனால் உள்ளே ஆள் மூச்சுக்குத் தவிக்கும்போது வெளியே உட்கார்ந்து சோறு தின்ன யாருக்கு மனசு வரும்? காய்ச்சல் தொடங்கிய மூன்றாம் நாளே சுரங்க மெக்கானிக் பேச்சிமுத்து வழி கண்டுபிடித்துவிட்டார். காப்புகளை எண்ணெய் போட்டுக் கழற்றி மாப்பிள்ளையின் கையில் மாட்டினார்.

மாப்பிள்ளை ஒரு பணியன். நோயாளிகளைப் புரட்டவும் துடைக்கவும் குழாய் மாற்றவும் செய்யப்பட்ட இயந்திரம். தொட்டால் நோயாளி பயப்படக் கூடாதென்று வெதுவெதுப்பான தோலும் துடிக்கும் நாடியும் அதற்கு வைத்திருந்தார்கள். அந்த நாடிதான் வினையாகப் போனது. விருந்துக்கு வந்த மாப்பிள்ளையைப் போல மெத்தையில் கிடத்தி, போர்வை போர்த்தி, பக்கத்தில் எல்லாரும் சத்தம் போடாமல் நடந்ததால் அதற்கு இந்தப் பெயர் வந்தது. தினமும் காலையில் அது, "நானும் வேலைக்கு வரட்டுமா?" என்று கேட்கும். யாராவது ஒருவர், "பேசாமப் படு" என்று அதட்டுவார்கள். ஊரிலேயே நோயாளியைப் பார்க்கத் தெரிந்த ஒரே ஆளைப் படுக்கப் போட்டுவிட்டு, தெரியாத ஒன்பது பேர் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

காய்ச்சலின் பதினெட்டாம் நாளான அன்று காலை பேச்சிமுத்து விழுந்தார். தூசிக் காய்ச்சல்தான். ஆனால் களைத்துக் கிடந்த உடம்பு என்பதால் ஒரே மணி நேரத்தில் உதடு நீலமாகிவிட்டது. மூச்சு கொடுக்க ஊரில் இருந்த எட்டு மூச்சுப்பெட்டிகளும் ஏற்கெனவே ஆட்களோடு இணைந்திருந்தன. குழுவின் தலைவி சகாயமேரி அவர் பக்கத்தில் மண்டியிட்டாள். வடிகட்டிப் போராட்டத்தில் தனியாக நின்ற நாட்களில் அவளோடு முதலில் வந்து நின்றவர் அவர். சாயங்காலம் வரை தாங்குவதே சந்தேகம் என்று அவளுக்குத் தெரிந்தது.

ஒரே நம்பிக்கை உதவிக்கலம். செவ்வாயைச் சுற்றும் வளையம் என்ற நிலையம் தலைக்கு மேலே கடக்கும்போது பதினோரு நிமிடம் தொடர்பு கிடைக்கும். மருத்துவரும் இருபது மூச்சுப்பெட்டிகளுமாக அங்கிருந்து ஒரு கலம் கிளம்பும். பத்து நாளுக்கு ஒருமுறை, நாலு ஊர்களில் ஏதாவது ஓர் ஊருக்கு. இன்று அந்த நாள். எட்டே காலுக்குத் தொடர்பு கிடைத்தது. கூடவே அறிவிப்பும் வந்தது: கலம் வடகுழிக்குப் புறப்படுகிறது.

வடகுழியில் முப்பது பேருக்குத்தான் காய்ச்சல். சகாயமேரி கதவோர அறிவிப்புப் பலகையில் காரணத்தைத் தேடிப் படித்தாள். நோயாளிக் கணக்கை எல்லா ஊரும் உள்ளதைவிடக் கூட்டித்தான் அனுப்புகின்றன. அதனால் வளையம் அதை நம்புவதில்லை. தொண்டர்களின் களைப்பை மட்டுமே நம்புகிறது. செம்பள்ளத்துக்கு நேரே எழுதியிருந்தது: களைப்பு நூற்றுக்கு ஏழு. அனைவரும் நன்கு ஓய்வெடுக்கிறார்கள். உதவி தேவையில்லை.

உடனே வளையத்தை அழைத்தாள். மூன்று நிமிடம் காத்திருந்த பின் வரவேற்புக் குரல் வந்தது. எடுத்த எடுப்பில் விவரம் கேட்டால் மக்கள் எரிந்து விழுகிறார்கள் என்று, முதலில் நலம் விசாரிக்கும்படி அதைப் பழக்கியிருந்தார்கள்.

"வணக்கம். எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கோம், நீங்க?" என்றாள் சகாயமேரி.

"மகிழ்ச்சி. பதிவு செய்துகொண்டேன்" என்றது குரல். இணைப்பு அறுந்தது.

கையிலிருந்த கருவியையே பார்த்தாள். தன் வாயைத் தானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது. மறுபடி அழைத்துக் காத்திருந்தாலும் வாய்ச்சொல்லை வளையம் நம்பப்போவதில்லை. இன்னும் ஏழு நிமிடம்.

ஒரே வழிதான் மிச்சம். காப்புகள் தாமாகவே வளையத்துக்குப் பேசும். அவற்றை உரிய கைகளில் மாட்டிவிட வேண்டும். மாட்டிய கணமே எல்லாம் சிவக்கும். ஒருவரும் குகைக்குள் இருக்க முடியாது. நூற்று நாற்பது பேரோடு பேச்சிமுத்தையும் விட்டுவிட்டு வெளியே நிற்க வேண்டும்.

அவள் போர்வையை உருவினாள். "மாப்ள, எந்திரி. வேலைக்குப் போ."

"இப்பமேவா?" என்று கேட்டுவிட்டு, பதினைந்து நாளுக்குப் பிறகு வேலைக்கென்று அது எழுந்து நின்றது. எண்ணெயைக் கொட்டி ஒன்பது காப்பையும் இழுத்தாள். வழுக்கி விழுந்த இரண்டைத் தேடியதில் ஒரு நிமிடம் போனது. குகைக்குள் ஓடி ஏழு பேரையும் வெளியே விரட்டினாள். போகிற போக்கிலேயே ஒவ்வொரு கையிலும் மாட்டினாள். சண்டை போட்டார்கள், திட்டினார்கள். மாட்ட மாட்ட ஒவ்வொன்றாகச் சிவந்தது. கடைசியில் பேச்சிமுத்தின் மெலிந்த கையில் ஒன்றை நுழைத்தாள்.

"எங்கள விட்டுட்டுப் போறியா, தங்கச்சி?" என்றார் அவர்.

"போறேன் அண்ணாச்சி" என்றாள். அவளுக்கு அழுகை வந்தது. துடைத்துக்கொண்டு வெளியே வந்து தன் காப்பையும் மாட்டினாள். கதவு மூடிக்கொண்டது. இன்னும் நாற்பது நொடிகள் இருந்தன. பலகையில் ஏழு என்ற எண் அழிந்து தொண்ணூற்றாறு என்று வந்தது. கலத்தின் பாதையைக் காட்டும் கோடு வளையத்தைவிட்டு நீண்டு, தயங்கி, செம்பள்ளத்தின் பக்கம் திரும்பியது.

எட்டுப் பேரும் கதவோரம் தரையிலேயே உட்கார்ந்தார்கள். கண்ணாடி வழியே மாப்பிள்ளை பேச்சிமுத்தைப் பக்கவாட்டில் புரட்டி, முதுகைத் தட்டிச் சளியை எடுப்பது தெரிந்தது. இப்படிப் புரட்ட வேண்டுமென்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒவ்வொருவராகத் தூங்கிப்போனார்கள்.

பிற்பகலில் கலம் இறங்கியது. பேச்சிமுத்துக்கு மூச்சுப்பெட்டி மாட்டி, உதட்டில் நிறம் திரும்பிய பிறகு, டாக்டர் கைருன்னிஸா வெளியே வந்து தொண்டர்களை எழுப்பினார்.

"எப்படி இருக்கீங்க எல்லாரும்?"

சிவந்த காப்புகளோடு எட்டுப் பேரும் ஒரே குரலில், "நல்லா இருக்கோம், டாக்டர்" என்றார்கள்.

டாக்டர் சிரித்தார். ஊசியைப் பிடித்திருந்த அவர் கை லேசாக நடுங்கியதைச் சகாயமேரி கவனித்தாள்.

"நீங்க எப்டி இருக்கிய?"

"எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்."

சகாயமேரி அவர் கையைப் பற்றி, முழுக்கைச் சட்டையை மேலே தள்ளினாள். மணிக்கட்டில் காப்பு இல்லை. அது இருந்த இடத்தில் வெளிறிய வட்டம் மட்டும் இருந்தது.

டாக்டர் கையை விடுவித்துக்கொண்டு கலம் நிற்கும் திசையைப் பார்த்தார்.

"உள்ள ஒரு பணியன் படுத்திருக்கு" என்றார் தணிந்த குரலில். "நாங்க அத மாமியார்னு கூப்பிடுவோம்."