கூப்பிட்டதும் வந்தவன்

பருத்திப்பட்டு ஏரியிலிருந்து அண்ணனைக் கூட்டிக்கொண்டு நாங்கள் வீடு வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. முன்னால் அண்ணி வடிவு, கையில் ஏரித் தண்ணீர் நிறைந்த சொம்பு. பின்னால் நான். இருவருமே திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கக்கூடாது.

அண்ணன் தமிழரசு விமான மெக்கானிக். பழுது நீக்கிய சின்ன விமானம் ஒன்றைச் சோதித்துப் பார்க்க, சரண் என்ற இளம் பைலட்டோடு ஏறிப் போனான். போன கொஞ்ச நேரத்தில் வானம் இருட்டிக்கொண்டு கொட்டியது. மேகத்துக்குள் திசை தெரியாமல் விமானம் ஏரியில் விழுந்தது. இரண்டு உடல்களும் கிடைத்தன. சரணை அவன் ஊரான திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். அண்ணனை நாங்கள் எரித்தோம். எனக்கு அழுகையே வரவில்லை. அண்ணிக்கும் வரவில்லை. காபி போட்டோம், குடித்தோம், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தோம்.

வெளியிடத்தில் அகாலமாகச் செத்தவரை, செத்த இடத்துக்கே போய்க் கூப்பிட்டு வருவது எங்கள் சனத்தின் வழக்கம். கட்டியவள்தான் கூப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அந்த உயிர் அங்கேயே கிடக்கும் என்பார்கள். அண்ணி கரையில் நின்று, "வாய்யா, ஊட்டுக்குப் போலாம்" என்று மூன்று முறை கூப்பிட்டாள்.

சொம்பைச் சாமி படத்தடியில் வைத்தோம். கரண்ட் இல்லை. பட்டப்பகலில் கூடம் இருண்டு கிடந்தது. முதலில் சேற்று வாடை வந்தது. அதோடு பெட்ரோல் வாடை. பிறகு ஒரு சத்தம்.

யாரோ சுவரைத் தடவிக்கொண்டு நடந்தார்கள்.

பீரோவில் இடித்துக்கொண்டார்கள். சமையல்கட்டுக் கதவைத் தள்ளிப் பார்த்தார்கள். தாழ்ப்பாள் எங்கே என்று தெரியாமல் துழாவினார்கள்.

அண்ணி என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"பானு, இது உங்கண்ணன் இல்ல."

"இன்னா அண்ணி சொல்ற?"

"அவரு கட்டுன ஊடு. கண்ண மூடிக்கினு நடப்பாரு. இதுக்கு வழி தெர்ல."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஏரியில் செத்தது இரண்டு பேர்.

"பேர் சொல்லிக் கூப்ட்டியா அண்ணி?"

அவள் தலை குனிந்துகொண்டாள். கல்யாணமானதிலிருந்து அவள் புருஷன் பெயரை வாய்விட்டுச் சொன்னதே இல்லை. ரேஷன் கடையில் கேட்டால்கூட என் முகத்தைப் பார்ப்பாள், நான்தான் சொல்வேன். எத்தனையோ நாள் அதை வைத்து அவளைக் கிண்டல் செய்திருக்கிறேன். வெறுமனே 'வா' என்றால் யார் வேண்டுமானாலும் வரலாம்.

அப்படியென்றால் அண்ணன் இன்னும் தண்ணீரில் கிடக்கிறான்.

சொம்பை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடினோம். அண்ணி முழங்கால் தண்ணீரில் இறங்கி நின்றாள். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. பிறகு ஒரேயடியாகக் கத்தினாள்.

"தமிழரசு! யோவ் தமிழரசு! வாய்யா ஊட்டுக்கு!"

கரையில் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அவள் யாரையும் சட்டை செய்யவில்லை. மூன்று முறையும் பெயர் சொன்னாள். தண்ணீரை மொண்டுகொண்டு திரும்பிப் பார்க்காமல் நடந்தோம்.

கதவைத் திறந்தபோது கரண்ட் வந்திருந்தது. கூடத்து விளக்கு எரிந்தது. யாரும் இல்லை. சேற்று வாடை மட்டும் அப்படியே இருந்தது.

"வந்துட்டியாய்யா?" என்றாள் அண்ணி.

சொம்பைச் சாமி படத்தடியில் வைத்தாள்.

"தமிழரசு?"

பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் எதுவோ நகர்ந்தது. இளம் குரல். தெற்கத்திப் பேச்சு. தப்பு செய்துவிட்ட பிள்ளை போலத் தயங்கித் தயங்கி வந்தது.

"மதினி... நீங்க கூப்பிடுறது அண்ணாச்சிக்குக் கேக்குது. சீட் பெல்ட்டுதான் கழல மாட்டேங்கு. நானும் இழுத்து இழுத்துப் பாத்துட்டேன்."