நாலு மானிட்டர், ஒரே படம்

செல்போன் அலறியது!

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்துக் கம்ப்யூட்டர் கடையில், ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுவிட்டு எடுத்தாள் ஜெனிஃபர்.

"அக்கா... மொதலாளியக் குத்திட்டாங்க! நான்தான்னு புடிச்சிக்கினாங்க!"

தம்பி ஐசக். காவாந்தண்டலம் ரைஸ் மில்லில் மூட்டை தூக்குபவன். ஸ்கூட்டியை விரட்டினாள்.

முதலாளி செந்தமிழனின் பிணத்தை ஆம்புலன்ஸ் அப்போதுதான் கொண்டுபோயிருந்தது. ஆபீஸ் வாசலில் கைவிலங்கோடு ஐசக்.

மில் ஆபீஸ் சுவரில் நாலு மானிட்டர்கள். நாலும் சேர்ந்து ஒரே படம்... மில் முற்றம். ஒரே கேமராவின் படத்தை இத்தனை பெரிதாக்கி ஊரையே வாய் பிளக்க வைக்க முதலாளிக்கு ஆசை!

"நீ யாரும்மா?" எஸ்.ஐ. கல்பனா முறைத்தாள்.

"ஐசக்கோட அக்கா. இந்த ஸ்க்ரீனை மாட்டுனவளும் நான்தான். குத்துனதை யார் பார்த்தா மேடம்?"

"நான்!" மேஸ்திரி தமிழ்வாணன் முன்னால் வந்தான். "இங்க நின்னுகினு, இதே ஸ்க்ரீன்ல பார்த்தேன். கிடங்குக் கதவாண்ட மொதலாளி. எதுக்க உன் தம்பி. ஒரே குத்து!"

"ரெக்கார்டிங் இன்னா ஆச்சி?"

"ஹார்ட் டிஸ்க்கை உருவிக்கினு பூட்டான். உன் தம்பியத்தான் கேக்கணும்!"

பொய்! அவன் கண் ஓர் இடத்தில் நிற்கவில்லை. ஆனால் கூலிக்காரன் பேச்சு மேஸ்திரி பேச்சுக்கு முன் எடுபடுமா?

ஜெனிஃபர் திரையை உற்றுப் பார்த்தாள். கிடங்கு...

"மேடம், யாரையாவது அந்தக் கதவாண்ட நிக்கச் சொல்லுங்க."

ஏட்டு பாண்டியன் கிளம்பினார். திரையில் முற்றத்தைக் கடந்தார்... நெல் காயும் களத்தைத் தாண்டினார்... கதவை நெருங்கினார்...

காணோம்!

"எங்கய்யா போனாரு?" கல்பனா எழுந்தே விட்டாள்.

"அங்கதான் கீறாரு." இரண்டு மானிட்டர்கள் சேரும் கறுப்புச் சட்டத்தைத் தொட்டாள் ஜெனிஃபர். "பழைய மானிட்டர், சட்டம் தடிசு. நாலையும் ஒரே படமா ஆக்குறது கீழ கீற கன்ட்ரோலர் பாக்ஸ். சட்டத்துக்குப் பின்னாடி விழற படத்தை அது வெட்டிடும். ஜன்னல் கம்பிக்குப் பின்னாடி ஆள் மறையற மாதிரி. இல்லன்னா படம் கோணலா ஒட்டும். தூரத்துக் கதவு அதுல மாட்டிக்கிச்சி. மொதலாளியாண்ட சொன்னேன், பெருசா தெரிஞ்சா போதும்ன்ட்டாரு."

தமிழ்வாணனுக்குக் குப்பென்று வேர்த்தது. "இல்ல... சத்தம் கேட்டு நேர்ல போயி..."

"ஸ்க்ரீன்ல பார்த்தேன்னு இப்பத்தான வாக்குமூலத்துல கையெழுத்துப் போட்ட?" கல்பனா மடக்கினாள்.

அவள் கண் காட்டினாள். கான்ஸ்டபிள் ஒருவர் அவனுடைய பைக் பெட்டியைத் திறந்தார்.

ஹார்ட் டிஸ்க்!

தமிழ்வாணன் தரையில் சரிந்தான். "நான் மூட்டை திருடுனதைக் கண்டுபுடிச்சிட்டாரு மேடம்..."

ஐசக்கின் கைவிலங்கு கழன்றது. அக்காவும் தம்பியும் கட்டிக்கொண்டு அழுதார்கள்.

கல்பனாவின் செல் சிணுங்கியது.

"மேடம், வெயில் மண்டையப் பொளக்குது! நான் தெரியறேனா, இல்லியா?" ஏட்டு.

"நீங்க தெரியலய்யா... ஆனா, கொலைகாரன் பளிச்சுன்னு தெரியறான். வாங்க!"