வலது காதைக் கெடுத்தது யார்?

ஆறு வயதுச் சிறுமிக்கு வலது காது கேட்கவில்லை என்பது திங்கட்கிழமை பள்ளியில் நடந்த பரிசோதனையில் தெரியவந்தது. மாலைக்குள் குற்றவாளியும் சிக்கிவிட்டாள்: போன வாரம் சிறுமியை அறைந்த வகுப்பு டீச்சர். காது போனதை வருடக்கணக்கில் கவனிக்காதவர்களுக்கு, ஆளைப் பிடிப்பதில் மட்டும் அபாரச் சுறுசுறுப்பு.

செவ்வாய், காலை பத்து மணி. காது அறுவை சிகிச்சை செய்யும் டாக்டரம்மாவின் அறை. சிறுமி, அவள் அப்பாவான கான்ட்ராக்டர், டீச்சர், இன்ஸ்பெக்டர்.

"அறைஞ்சதால காது போச்சுன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க மேடம். மீதிய நான் பாத்துக்கறேன்," என்றார் இன்ஸ்பெக்டர். மீதி என்பது டீச்சரின் வேலையும் ஜெயிலும்.

டாக்டரம்மா கேமராக் குழாயைச் சிறுமியின் வலது காதுக்குள் விட்டார். திரையில் செவிப்பறை தெரிந்தது. கிழிசல் இல்லை, சீழ் இல்லை. பறைக்குப் பின்னால் முத்துப் போல ஒரு வெள்ளை உருண்டை.

"சீக்கிரம் ஆபரேஷன் பண்ணணும்."

"கேஸ் முடியட்டும்," என்றார் கான்ட்ராக்டர். "அதுவரைக்கும் காது அப்படியே இருக்கட்டும். சாட்சி வேணாமா?"

"சாட்சியா? அந்த உருண்டை உள்ள எலும்ப அரிச்சுட்டு இருக்கு சார். மூளைப் பக்கம் போனா யார் மேல கேஸ் போடுவீங்க?"

"இந்த டீச்சர் மேலதான்!"

டாக்டரம்மா அவரை விட்டுவிட்டு டீச்சரிடம் திரும்பினார். "ஏன் அறைஞ்சீங்க?"

"அவளுக்கு வலது பக்கமா நின்னு நாலு தடவை கூப்பிட்டேன். திரும்பவே இல்ல. திமிர்னு நெனச்சு, முன்னாடி போய் ஒண்ணு வெச்சேன்."

"எந்தக் கன்னத்துல கண்ணு?"

சிறுமி இடது கன்னத்தைத் தொட்டாள்.

"வீட்ல கூப்பிட்டா திரும்புவாளா சார்?"

"எங்க! மூணு வயசுலேர்ந்தே அழுத்தக்காரி. நானும் எத்தனையோ தடவை போட்டிருக்கேன்," என்றார் கான்ட்ராக்டர், பதக்கம் வாங்கியவர் போல.

"போதும். குற்றவாளி அந்த வெள்ளை உருண்டை. பிறவிக் கொலஸ்டியட்டோமா. குழந்தை கருவுல இருக்கறப்பவே காதுக்குள்ள மாட்டிக்கிட்ட தோல். வலிக்காது, ஒழுகாது. வருஷக்கணக்கா வளந்து, சத்தத்த உள்ள கடத்தற குட்டி எலும்பத் தின்னுடும். போன வாரம் விழுந்த அறையில இது முளைக்காது. அறை விழுந்தது இடது கன்னத்துல, போனது வலது காது. எந்தக் கன்னம்னு கேக்கக்கூட உங்களுக்குத் தோணல இன்ஸ்பெக்டர்."

இன்ஸ்பெக்டர் தொப்பியைத் துடைத்தார். அதில் தூசு இல்லை.

"அறைஞ்சதால காது போகல. காது கேக்காததாலதான் அறை விழுந்துச்சு. ஸ்கூல்ல ஒண்ணு, வீட்ல எத்தனையோ."

டீச்சர் பெருமூச்சு விட்டாள்.

"நீங்க நிம்மதியாகாதீங்கம்மா. காதுக்கு நீங்க காரணமில்ல. அறைக்கு நீங்கதான்."

பிறகு கான்ட்ராக்டரிடம் விளக்கினார்: "காதுக்குப் பின்னாடி கீறி, உருண்டைய உடையாம எடுக்கணும். பொட்டு மிச்சமிருந்தாலும் திரும்ப வளரும். அதனால ஒரு வருஷம் கழிச்சு மறுபடி திறந்து பாக்க வேண்டியிருக்கும்."

கான்ட்ராக்டர் ஆபரேஷனுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டார். குரல் இறங்கியிருந்தது. "கேக்குமா மேடம்?"

"வந்ததுலேர்ந்து இப்பதான் பொண்ணப் பத்திக் கேக்கறீங்க. எலும்பு எவ்வளவு மிச்சம்னு திறந்தாத்தான் தெரியும். அதுவரைக்கும் இடது பக்கமா வந்து கூப்பிடுங்க. கையப் பின்னாடி கட்டிக்கிட்டு."