காலி அறையில் ஒருவர்

"என் தம்பி உயிரோட இருக்கானா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்று அக்கா தன் கைப்பேசியைத் தடயவியல் கூடத்து மேசைமேல் வைத்தாள்.

தம்பி காணாமல் போய் ஒரு மாதம். "என்னைத் தேடாதே" என்று ஒரு செய்தி. அதன் பிறகு தினமும் அவன் எண்ணிலிருந்து ஒரு படம் வருகிறது. எல்லாம் ஒரே அறை, எங்கே என்று தெரியாத அறை. கட்டில், மேசைமேல் எவர்சில்வர் ஜக், ஆணியில் அவன் சட்டை. ஆள் மட்டும் இல்லை.

"கோபத்துல எங்கேயோ போய் உட்கார்ந்திருக்கான். மெஷின்ல போட்டு ஒரு ரிப்போர்ட் குடுங்க, இவ மனசு ஆறிடும்" என்றார் அவள் கணவர், கழுத்தில் தொங்கிய அலுவலக அட்டையின் சிவப்பு வாரைத் திருகியபடி.

அந்தத் தடயவியல் கூடத்தில் இருந்தது இரண்டே பேர். வந்து போகிறவர்கள் நிபுணர் அம்மாவுக்கு நிதானம் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள், உதவியாளனுக்கு அவசரம். இரண்டும் பொருத்தம்தான். அவசரத்துக்கு மென்பொருள் என்றால் உயிர். படம் படமாகக் கண்ணால் பார்ப்பது வேலையற்ற வேலை என்பது அவன் கட்சி. எல்லாப் படங்களையும் கணினிக்குள் தள்ளினான். பதில் திரையில் வந்தது.

முதல் சில நாட்களுக்குப் பூஜ்யம். பிறகு ஒவ்வொரு படத்துக்கு எதிரேயும் அதே வரி: மனித முகம், ஒன்று.

"மேடம், அங்க யாருமே இல்லையே!" என்றான் அவசரம். "மெஷின் கோளாறா இருக்கும். இல்லன்னா... வேற ஏதோ."

"அதுக்குப் பயமும் கிடையாது, ஆசையும் கிடையாது. எங்கன்னு அது சொல்லட்டும். யாருன்னு நாம பார்ப்போம்."

மென்பொருள் போட்ட கட்டம் ஜக்கின் வயிற்றில் இருந்தது. பெரிதாக்கினார்கள். பளபளப்பில் வளைந்து நீண்ட ஒரு முகம். கழுத்திலிருந்து ஒரு சிவப்புக் கோடு.

கணவர் தன் வாரைச் சட்டைக்குள் செருகிக்கொண்டிருந்தார். அவசரம் போய்க் கதவில் சாய்ந்து நின்றான்.

"படம் எடுத்தது நீங்க" என்றார் நிதானம், குரலை உயர்த்தாமல்.

"அப்போ என் தம்பி?" அக்கா நிதானத்தின் பக்கம் திரும்பினாள்.

நிதானம் படங்களை ஒவ்வொன்றாகக் கையால் நகர்த்திக் காட்டினார். "மெஷின் தனித்தனியா பார்த்துச்சு. நீங்க வரிசையா பாருங்க. சட்டை அசையல, போர்வை அசையல. ஜக் மட்டும் தினம் கொஞ்சம் கேமரா பக்கம் வருது. யாரோ தண்ணி குடிச்சுட்டு வைக்கிறாங்க."

"இவரே குடிச்சிருக்கலாமே?" என்றான் அவசரம்.

"தன் முகத்தை யாராவது தானே காட்டிக்குடுப்பாங்களா? குடிச்சவன் வேணும்னே நகர்த்தியிருக்கான்."

இன்று காலைப் படத்தில், ஜக்கின் அடியோரம் விழுந்த பிம்பத்தில், படமெடுக்கும் கணவரின் காலுக்குப் பின்னால், தரையோடு தரையாக ஏதோ வெளுத்துத் தெரிந்தது. மென்பொருள் எண்ணாத அளவுக்குச் சிறியது. இரண்டு கண்கள். நேராக இவர்களையே பார்த்தன.

"உங்கம்மா வீட்டை விக்கக் கையெழுத்து போட மாட்டேன்னான்... போடற வரைக்கும் அடைச்சு வச்சுட்டு, அவனே அனுப்பற மாதிரி படம் அனுப்பினேன்" கணவர் முனகினார்.

அக்கா அழவில்லை. "இன்னிக்கு அவனுக்குத் தண்ணி வச்சியா?"

அவர் தலை கவிழ்ந்தது.

"இடத்தைச் சொல்லு" என்று அவள் அந்தச் சிவப்பு வாரைப் பற்றி இழுத்தாள்.