கைப்பிடி கழற்றிய கதவு

அந்தக் கதவு தானாகச் சாத்திக்கொள்கிற ஜாதியே இல்லை. நாலு விளிம்பிலும் தடித்த ரப்பர் ஒட்டியிருந்ததால், மூட வேண்டுமென்றால் தோளைக் கொடுத்து முட்ட வேண்டும். ஊசிக்காரரின் மனைவி ஒருமுறை முட்டிப் பார்த்துவிட்டு, "இது ரூமா, நீர்மூழ்கிக் கப்பலாங்க?" என்று கேட்டிருக்கிறாள். அப்பேர்ப்பட்ட கதவு, காலை பதினொரு மணிக்கு, ஓர் இலைகூட அசையாத வேளையில், தூங்குகிற குழந்தையின் வாய் போல மெல்ல மூடிக்கொண்டது.

ஊசிக்காரர் என்பது தெரு வைத்த பெயர். வைத்தியத்துக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இசைத்தட்டில் ஓடும் ஊசிதான் அவர் உலகம். கதவருகே ஒரு பழைய டர்ன்டேபிள், யானைக்குட்டி கனம்; அதை இறக்கிய நாலு பேரில் இருவர் இன்னும் நிமிரவில்லை என்று சொல்லிக்கொள்வார். எதிர்ச்சுவரோரம் நாற்காலிக்குப் பக்கத்தில் புத்தம் புதியது ஒன்று, மூச்சு பட்டாலே சிலிர்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் தனித்தனி ஸ்பீக்கர்கள். நடுவே பன்னிரண்டடித் தரை.

சத்தம் சுத்தமாக வர வேண்டுமென்று அவர் செய்யாத அட்டூழியம் இல்லை. ஜன்னலுக்குப் பலகை அடித்தார். காற்றுத் துவாரத்துக்கு சிமெண்ட் பூசினார். ஸ்பீக்கருக்குள் புகுந்து 'டிட்டிட்' என்று குறுக்கே பேசுகிறதென்று செல்போனைச் சாப்பாட்டு மேசையோடு நிறுத்திவிட்டார். கனத்த நாதம் எழும்போதெல்லாம் கதவின் உள்கைப்பிடி கொசு மாதிரி ரீங்கரித்தது. நேற்று அதற்கும் சீட்டுக் கிழித்தார்.

"சார், உள்ளே மாட்டிக்கிட்டா?" என்றார் தச்சர்.

"இது தானா சாத்தாதுப்பா. யானை வந்துதான் தள்ளணும்."

"யானை வந்துட்டா?"

"அப்ப உனக்குச் சொல்லி அனுப்புறேன், போ."

தச்சர் கைப்பிடியைத் தண்டோடு உருவி, ஓட்டையில் மரத்துண்டைப் பசை போட்டு அடித்து, இழைத்து, மெழுகும் பூசிவிட்டுப் போனார். நகம் நுழைய இடமில்லை. அவ்வளவு சுத்தமான வேலை.

இன்று, மூடிக்கொண்ட அந்தக் கதவை உள்ளேயிருந்து ஊசிக்காரர் முட்டினார், உதைத்தார், தொண்டை கிழியக் கத்தினார். எதிரொலி வராமலிருக்கச் சுவரெங்கும் அவர் ஒட்டியிருந்த பஞ்சு அத்தனையையும் பாயசம் குடிப்பதுபோல உறிஞ்சிக்கொண்டது. தங்கை வீட்டுக்குப் போன மனைவி வர நாளை மறுநாள் ஆகும். அறையிலிருக்கும் காற்று அதுவரை தாங்காது. இப்போதே அதில் ரப்பரும் வியர்வையும் ஆம்ப்ளிஃபயரின் சூடேறிய வால்வும் மணத்தன.

அவருக்கு ஒரு வித்தை தெரியும். இசைத்தட்டைச் சுழல விடாமல், ஊசியை மட்டும் அதன்மேல் இறக்கி, சத்தத்தை முழுக்கக் கூட்டினால், தரையின் அதிர்வெல்லாம் ஸ்பீக்கரில் கேட்கும். மனைவி சண்டைக்குக் கிளம்பும்போதே இங்கே தெரிந்துவிடும். இன்று யாராவது வாசலேறினால் அந்தக் கணம் பார்த்துக் கதவை இடிக்கலாம். இரண்டு ஊசிகளையும் இறக்கிவிட்டு, நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்தார்.

வீடு பேசத் தொடங்கியது. குளிர்சாதனப் பெட்டி வயிற்றுவலிக்காரன் போல முனகியது. எங்கோ குழாய் சொட்டியது; ஒவ்வொரு சொட்டும் பாறை விழுந்ததுபோல.

பிறகு காலடி.

பழைய டர்ன்டேபிளில் கேட்டது. அப்படியானால் கதவுப் பக்கம்தான்! பாய்ந்து போய் இரு கைகளாலும் இடித்தார். ஒவ்வொரு இடியும் ஸ்பீக்கர்களில் பீரங்கியாய் வெடித்தது.

"இங்க இருக்கேன்! கதவத் திறங்க! யாருங்க அது?"

காலடி நின்றது. மரத்தில் காதை வைத்தார். வெளியே ஒன்றுமில்லை. மனிதன் நின்றால் ஒரு துணியாவது உரசும், ஒரு மூச்சாவது விடும். ஒன்றுமேயில்லை.

முதுகுக்குப் பின்னால் ஸ்பீக்கரில், மறுபடி, காலடி.

வெறுங்கால். நிதானம். அவர் அசையவில்லை. தன் பாதங்களைக் குனிந்து பார்த்தார். அசையவேயில்லை.

பழையதில் சத்தம் தேய்ந்தது.

புதியதில் வளர்ந்தது.

பழையது கதவருகே. புதியது எதிர்ச்சுவரருகே. நடக்கிறது எதுவோ அது இரண்டுக்கும் நடுவே நடக்கிறது. இந்தத் தரையில். இந்த வெளிச்சத்தில். அவர் கண்ணுக்கு நேரே, வெறும் தரையில்.

பழையது அடங்கிவிட்டது.

புதியதில் ஒரு காலடி. இன்னொன்று.

நாற்காலி கிறீச்சிட்டது. அதன் இருக்கை மெத்தை, இரண்டு தொடையகலத்துக்கு, மெல்லப் பள்ளமானது. ஸ்பீக்கரில் மூச்சு. இழுத்து. விட்டு. அவர் பக்கம் திரும்பி.

அவர் முதுகு கதவில் ஒட்டிக்கொண்டது. தள்ளினார். கதவு அசையவில்லை.

புதிய டர்ன்டேபிளின் ஊசிக்கை எழுந்தது. பழகிய விரல் தூக்குவதுபோல, பதறாமல், தட்டில் கீறல் விழாமல். தாங்கியில் போய்ப் படுத்தது. மூச்சு அறுந்தது.

அதே நொடியில், பன்னிரண்டடி இப்பால், அவர் முழங்கையை உரசிக்கொண்டு, பழையதன் ஊசிக்கையும் எழுந்தது.